ரெக்கார்டர் கண்மூடிய நேரம்

உங்கள் திரையின் வலது மூலையில் ஒரு எண் வருமே, அது பச்சையில் வந்தவுடன் ஃபைலை மூடிவிட்டு டீ குடிக்கக் கிளம்புகிறீர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். டீ குடிப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அந்த எண் எப்படி வந்தது என்று ஒரு வார்த்தை கேட்காமல் குடிக்கிறீர்கள் பாருங்கள், அதில்தான் எனக்கு எரிச்சல்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் சலைன் பாட்டில் தயாரிக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் குவாலிட்டி பிரிவின் தலைவியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஆஸ்பத்திரியில் கையில் ஊசி செருகி டிரிப்ஸ் ஏற்றுகிறார்களே, அந்தப் பாட்டில்தான். நான் கையெழுத்துப் போட்டால் ஒரு பேட்ச் முழுதும் வெளியே போகும், போடாவிட்டால் கம்பி வலைக்குள்ளேயே கிடக்கும். இப்போது அந்த நாற்காலிக்கு நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

பாட்டிலை நிரப்பி மூடியபின் ஆட்டோகிளேவில் வைத்து வேகவைக்கிறோம். அது வீட்டுக் குக்கரின் பெரியண்ணன், அவ்வளவுதான். ஆனால் கிருமி ஒரே நொடியில் செத்துப்போகிற பிராணி இல்லை. சூடு ஏறும்போது கொஞ்சம் சாகும், உச்சத்தில் நிற்கும்போது நிறையச் சாகும், இறங்கும்போது மறுபடி கொஞ்சம் சாகும். அந்தந்த நொடியின் சூட்டுக்கு எவ்வளவு கொல்லும் சக்தி என்று கோடு போட்டு, அந்த வளைகோட்டுக்குக் கீழே இருக்கும் பரப்பைக் கூட்டினால் உங்கள் பச்சை எண் கிடைக்கும். பன்னிரண்டாம் வகுப்பில் தொகை நுண்கணிதம் என்று சொல்லி உங்களை அழவைத்தார்களே, அதே சமாச்சாரம். அங்கே தப்பாகப் போட்டால் மார்க் போகும். இங்கே தப்பாகப் போட்டால் முன்பின் தெரியாத ஒரு மனுஷரின் ரத்தத்துக்குள் அழுக்கு போகும்.

என் முதல் மேலதிகாரி ஒரு விசித்திரமான ஆள். வளைகோட்டைக் கிராஃப் தாளில் வரையச் சொல்லி, அதைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுக்கச் சொல்லி, லேப் தராசில் எடை போடச் சொல்வார். தாளின் எடையிலிருந்து பரப்பு. அவர் முதுகுக்குப் பின்னால் நாங்கள் சிரிப்போம். ஆனால் ஒரு தடவை கத்தரித்துப் பார்த்தவளுக்குக் கோட்டின் மேடும் பள்ளமும் விரலிலேயே தங்கிவிடும். நீராவிச் சூடு ஒருநாளும் அசையாமல் நிற்காது. ஏறும், தயங்கும், துளி இறங்கும், மறுபடி ஏறும். அந்த நடுக்கத்தைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பழகிப்போனது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

அது காய்ச்சல் சீசன். தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வரை எந்த கிளினிக்கைப் பார்த்தாலும் வாசல்வரை கூட்டம், எல்லாம் டெங்கு. போதாததற்கு மழை வேறு விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் கிடங்கைத் துடைத்து வைத்தது மாதிரி லாரிகள் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டன. புதிதாகத் தயாரித்தவை கிருமிச் சோதனையில் இருந்தன. அந்தச் சோதனைக்கு இரண்டு வாரம் பிடிக்கும், அவசரப்படுத்த முடியாது. சோதனை முடிந்து மீதியிருந்தது ஒரே ஒரு பேட்ச். அது கம்பி வலைக்குள் மஞ்சள் ஸ்டிக்கரோடு உட்கார்ந்திருந்தது, காரணம் நான்.

அந்த பேட்ச் வெந்துகொண்டிருக்கும்போது நடுவில் கரன்ட் போயிருந்தது. ஜெனரேட்டர் எடுப்பதற்குச் சில நிமிடம் தாமதம். பிறகு கரன்ட் வந்து, மறுபடி சூடேறி, மீதி நேரமும் ஓடி முடிந்துவிட்டது. கிருமிச் சோதனையிலும் ஒன்றும் வளரவில்லை. விசாரணைக் குறிப்பில் என் கையெழுத்து மட்டும் பாக்கி. நாளைக்குப் பார்க்கலாம் என்று மேசையில் வைத்திருந்தேன்.

அன்று காலை புரொடக்‌ஷன் மேனேஜர் தயாளன் அந்த ஃபைலைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தார். நிதானமான மனுஷர். கதவைத் தட்டாமல் உள்ளே வந்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். சட்டை முழுக்க நனைந்திருந்தது.

"மேடம், இதுல ஒரு கையெழுத்து. இப்பவே வேணும்."

"உட்காருங்க தயாளன். பார்த்துட்டுப் போடறேன்."

"என்ன பார்க்கணும்? சாஃப்ட்வேர் கணக்கு பாஸ். பதினஞ்சு வேணும், பதினாறுக்கு மேல வந்திருக்கு. டெஸ்ட்டும் கிளீன்."

நான் கணக்கைப் பார்க்கவில்லை, கோட்டைத்தான் விரித்தேன். இந்தப் பக்கம் நடுக்கம், அந்தப் பக்கம் நடுக்கம், நடுவில் ஸ்கேல் வைத்துப் போட்டது மாதிரி ஒரு நேர்கோடு. கரன்ட் போனபோது சூட்டைப் பதிவு செய்யும் ரெக்கார்டருக்கும் கரன்ட் போயிருக்கிறது, அதன் பேட்டரி எப்போதோ செத்துவிட்டிருக்கிறது. அந்தச் சில நிமிடங்களுக்கு அளவே கிடையாது. அறிவாளி சாஃப்ட்வேர் என்ன செய்தது? கடைசியாகத் தெரிந்த புள்ளியையும் அடுத்துத் தெரிந்த புள்ளியையும் ஒரு கோட்டால் இணைத்து, அதற்குக் கீழே இருந்த பரப்பையும் அழகாகக் கூட்டிக்கொண்டது. ரெக்கார்டர் தாமதமாகத்தான் விழித்தது, அதனால் இரண்டு புள்ளிகளும் உயரத்தில் இருந்தன. நடுவே சூடு பள்ளத்தில் விழுந்து எழுந்திருந்தாலும் அதற்குத் தெரியப் போவதில்லை.

அப்போதுதான், புதிதாக வருகிற எல்லோரிடமும் இந்தத் தொழிலில் கேட்கிற கேள்வியை, பழக்கதோஷத்தில் அவரிடமும் கேட்டேன். உங்களிடமும் முதல்நாள் கேட்டிருப்பார்கள்.

"தயாளன், இந்தப் பாட்டிலை உங்க பிள்ளைக்கு ஏத்துவீங்களா?"

"ஏத்துவேன் மேடம்," என்றார். "இன்னிக்கே ஏத்தணும். நிவேதா மேடவாக்கத்துல அட்மிட் ஆகியிருக்கா. டெங்கு. பிரஷர் இறங்கிட்டே இருக்கு. அந்த நர்சிங் ஹோம்ல சாயங்காலம் வரைக்கும்தான் சலைன் இருக்காம்."

நிவேதா அவருடைய மகள். நாலாம் வகுப்பு. கம்பெனி ஆயுத பூஜைக்கு வந்து, ஆட்டோகிளேவுக்குப் பொட்டு வைத்துவிட்டு, "இது சாப்பிடுமா ஆன்ட்டி?" என்று என்னைக் கேட்டவள்.

நான் போனை எடுத்து அவர் சொன்ன நர்சிங் ஹோமுக்குப் பேசினேன். டாக்டரம்மா மூச்சு வாங்கப் பேசினார். வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றலாமே என்றேன். "இந்த நிலைமையில பிள்ளையை அசைக்கவே பயமா இருக்குங்க. தெருவுல தண்ணி, ஆம்புலன்ஸ் எங்கே மாட்டிக்கும்னு தெரியாது. டிஸ்ட்ரிபியூட்டர் கையை விரிச்சுட்டார். பக்கத்து ஆஸ்பத்திரிகளும் அவங்க பிள்ளைங்களுக்கே இல்லைன்றாங்க. நீங்க தயாரிக்கிறவங்கதானே, ஏதாவது செய்யுங்க," என்றார்.

போனை வைத்துவிட்டு ஒரு தாளை எடுத்தேன். தயாளன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இப்போ போயி கணக்கு போடறீங்களா மேடம்?"

"இப்போதான் போடணும்."

இதைக் கவனமாகக் கேளுங்கள். தெரியாத இடத்தில் கோடு எங்கே போயிருக்கும் என்று ஊகிக்கக் கூடாது. நமக்கு எது ஆபத்தோ அந்தப் பக்கமாகவே போயிருக்கும் என்று வைத்துக் கூட்ட வேண்டும். கிருமி சாக வேண்டுமென்றால், தெரியாத நிமிடங்களில் ஒன்றுகூடச் சாகவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பரப்பைப் பூஜ்யமாக்கிவிட்டு மீதியைக் கூட்டினேன். பதினொன்று வந்தது.

"பதினொண்ணே போதும்னு புஸ்தகத்துலயே இருக்கு," என்றார் தயாளன். அவரும் சும்மா ஆள் இல்லை. "பதினஞ்சுங்கிறது நாமளா சேஃப்டிக்கு வச்சுக்கிட்டது."

"சரி. இந்தப் பதினொண்ணு எந்தப் பாட்டிலோடது?"

அவருக்குத் தெரியும். சூடு அளக்கும் கம்பி ஒரு பாட்டிலில்தான் இருக்கும். சூடு ஏறுவதற்கு மிகவும் தாமதமாகும் மூலையில் அந்தப் பாட்டிலை வைப்போம். அது தேறினால் மற்றவை எல்லாம் தேறும் என்பது நம்பிக்கை. ஆனால் கரன்ட் போய் நீராவி தணியும்போது உள்ளே காற்று புகுந்தால், அது அடித்தட்டில் போய்ப் படுத்துக்கொள்ளும். அப்புறம் தாமதமாகும் மூலை வேறு இடத்துக்கு மாறிவிடும். அங்கே இருந்த பாட்டிலின் வளைகோடு உலகத்தில் யாரிடமும் இல்லை. இல்லாத கோட்டுக்குக் கீழே என்ன பரப்பைக் கூட்டுவது?

"டெஸ்ட் பாஸ் ஆயிடுச்சே மேடம்," என்றார்.

"நாம திறந்து பார்த்த பாட்டில்கள் பாஸ் ஆச்சு."

"பத்து பாட்டில் மட்டும் குடுங்க. பேட்ச்சை நீங்க ரிலீஸ் பண்ண வேணாம். எம் பொண்ணு, என் பொறுப்பு. நான் எழுதிக் குடுத்துடறேன். ஆயிரத்துல ஒண்ணு கெட்டுப்போயிருக்கலாம்னு நீங்க பயப்படறீங்க. பாட்டில் இல்லன்னா அவ இல்லவே இல்ல மேடம்!"

அவர் சொன்னதில் தப்பு இருக்கிறதா, சொல்லுங்கள். எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அந்தக் குழந்தை ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் அவர் கணக்கு என் கணக்கைவிட நேராகத்தான் இருந்தது. ஆனால் பத்து பாட்டில் வெளியே போனால் பதினோராவதை நான் எந்த முகத்தோடு மறிப்பேன்? அந்த நர்சிங் ஹோமில் அடுத்த கட்டிலிலும் ஒரு பிள்ளை படுத்திருந்ததே, அதன் அப்பா எந்தத் தாளிலும் எழுதிக் கொடுக்கவில்லையே.

அன்றோடு அந்தக் கேள்வியைக் கேட்பதை நான் விட்டுவிட்டேன். உங்கள் பிள்ளைக்கு ஏற்றுவீர்களா என்று கேட்டால், தவிக்கிற அப்பா எதை வேண்டுமானாலும் ஏற்றுவார். மழைத்தண்ணீரைக்கூட ஏற்றுவார். பயம் பிடித்த அன்பிடம் தரத்தைப் பற்றி விசாரிப்பது முட்டாள்தனம்.

எம்.டி. போனில் வந்தார். தயாளன்தான் அவரைப் பிடித்திருக்க வேண்டும். "மேடம், ஊரே தவிக்குது. பாஸ் ஆன சரக்கை வச்சுக்கிட்டு நாம தராம இருந்தா நல்லாவா இருக்கும்?" என்று இதமாகத்தான் கேட்டார். நான் போட மாட்டேன் என்றேன். "அப்ப வேற வழி சொல்லுங்க," என்று வைத்துவிட்டார்.

வேற வழி. ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. தயாளன் சுவரில் சாய்ந்து மனைவியிடம் போனில், "வந்துடும்மா, வந்துடும், பாப்பாவைத் தூங்கவிடாத," என்று சொல்லிக்கொண்டிருந்தார். கிடங்கில் இல்லை, டிஸ்ட்ரிபியூட்டரிடம் இல்லை, சோதனையில் இருப்பதைத் தொட முடியாது. நல்லது என்று நான் ஏற்கெனவே கையெழுத்துப் போட்ட பாட்டில் இந்தக் கட்டடத்தில் எங்கேயாவது இருக்கிறதா என்று யோசித்தேன்.

இருந்தது. கன்ட்ரோல் சாம்பிள்.

வெளியே போகிற ஒவ்வொரு பேட்ச்சிலும் சில பாட்டில்களை நாம் எடுத்து வைக்கிறோம் இல்லையா? நாளைக்கு எங்கிருந்தாவது புகார் வந்தால், அந்த பேட்ச்சின் சாட்சி அதுதான். காலாவதி தாண்டும்வரை அதை யாரும் தொடக் கூடாது. தொட்டால் விதிமீறல், அதில் இரண்டாவது பேச்சே இல்லை. அந்த அறையின் சாவி என் இடுப்பில்தான் இருந்தது.

மீறுவதற்கு இரண்டு விதிகள் என் முன்னால் இருந்தன. ஒன்றை மீறினால் யார் தலையில் விடியும் என்று தெரியாது. இன்னொன்றை மீறினால் என் தலையில் மட்டும்தான் விடியும். இதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது?

சாம்பிள் அறையில் நான் பாட்டில்களை எடுக்க எடுக்கத் தயாளன் அட்டைப்பெட்டியில் அடுக்கினார். பாதி நிறைந்ததும், "போதும் மேடம், கிளம்பலாம்," என்று பெட்டியைத் தூக்கினார்.

"கீழ வைங்க. கோடு பார்க்கணும்."

"இதெல்லாம் ரிலீஸ் ஆன பேட்ச் மேடம்!"

"அந்தச் சாஃப்ட்வேர்தானே இதையும் பாஸ் பண்ணிச்சு?"

அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். அடிக்க வந்துவிடுவாரோ என்றுகூடத் தோன்றியது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க, நான் ஒவ்வொரு பேட்ச்சின் வளைகோட்டையும் அங்கிருந்த கம்ப்யூட்டர் திரையில் விரித்து, தொடக்கத்திலிருந்து முடிவுவரை கண்ணால் தடவிப் பார்த்தேன். எல்லாம் நடுங்கிக்கொண்டு, உயிரோடு இருந்தன. எங்கேயும் ஸ்கேல் வைத்த கோடு இல்லை. பிறகு பாட்டில் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, தூசு மிதக்கிறதா, மூடி கசிகிறதா என்று பார்த்தேன். ஒன்றில் சந்தேகம் வந்து ஒதுக்கினேன். தயாளன் கண்ணை மூடிக்கொண்டார்.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு, இது என்ன பாட்டில், எங்கிருந்து எடுத்தது, எந்த விதியை மீறித் தருகிறேன் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். "சீல் உடையலையே? எக்ஸ்பைரி இருக்குல்ல? பேட்ச் பேப்பரையும் சேர்த்து அனுப்புங்க. ஏத்தறது என் பொறுப்பு," என்றார்.

கம்பெனி வேனில் நானும் ஏறிக்கொண்டேன். ஓட்டியவர் டேவிட் அண்ணன், தாம்பரத்துக்காரர். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஊர்ந்து, தாம்பரம் தாண்டி, சேலையூர் கேம்ப் ரோட்டில் திரும்பியபோதே பைக்குகள் எல்லாம் தண்ணீரில் நின்றுபோய்க் கிடந்தன. ராஜகீழ்ப்பாக்கம் தாண்டி ஒரு மாநகரப் பேருந்து குறுக்கே நின்றுவிட்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. தயாளன் கதவைத் திறந்து இறங்கப் போனார்.

"இன்னா சார் பண்றே? மேடவாக்கம் இன்னும் தூரம் கீது. நட்ந்து போனா பொட்டி நனைஞ்சு பேஜாராயிடும். குந்து," என்று அதட்டினார் டேவிட் அண்ணன். பிறகு இறங்கிப்போய், நின்றிருந்தவர்களிடம், "கொயந்தைக்கு மருந்து எத்துகினு போறோம்பா, கொஞ்சம் கை குடுங்க," என்று கத்தினார். முழங்கால் தண்ணீரில் எங்கிருந்தோ ஆட்கள் வந்து, பஸ்ஸைத் தள்ளி வழி விட்டார்கள்.

நர்சிங் ஹோம் வாசலில் ஒரு நர்ஸ் குடையோடு நின்றிருந்தார். பெட்டியைக் கையில் வாங்கியவர் நின்று பேசக்கூட இல்லை, ஓடினார். கடைசிப் பாட்டிலில் அடியில் கொஞ்சம்தான் மீதி இருந்ததாம். நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு எனக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை. என் வேலை மூடியோடு முடிந்துவிடுகிறது. மூடியைத் திறந்தபின் நடப்பது டாக்டர்கள் வேலை.

நிவேதா பிழைத்தாள். மறுநாள் காலை கண் விழித்து, முதலில் கேட்டது மாம்பழ ஜூஸ். அடுத்த கட்டில் பையனுக்கும் அதே பெட்டியிலிருந்துதான் ஏற்றினார்கள்.

மஞ்சள் ஸ்டிக்கர் பேட்ச்சை நான் அழிக்கச் சொல்லி எழுதினேன். அது முழுக்க நல்ல சரக்காகவே இருந்திருக்கலாம். இருந்ததா என்று யாருக்கும் இனித் தெரியப்போவதில்லை. அதைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் இந்த வேலைக்கு வரக் கூடாது. கன்ட்ரோல் சாம்பிள் விஷயத்தை நானே எழுதி வைத்தேன். ஆடிட்டில் பிடித்து உலுக்கினார்கள், என் பெயரில் கண்டனக் குறிப்பும் எழுதினார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை, எழுதத்தான் வேண்டும்.

வருத்தம் வேறு இடத்தில் இருக்கிறது. நிவேதாவைப் பார்க்க நர்சிங் ஹோமுக்குப் போயிருந்தபோது, அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். தயாளன் கட்டிலின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். நன்றி சொன்னார், காபி வாங்கிக் கொடுத்தார். கொஞ்சநேரம் கழித்து, மகளின் கையைப் பார்த்துக்கொண்டே, "மேடம், ஒண்ணு கேக்கணும். அந்த ரூம்ல சாம்பிள் இல்லாமப் போயிருந்தா, கையெழுத்து போட்டிருப்பீங்களா?" என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில், அந்தக் குழந்தை முகத்தைப் பார்த்துக்கொண்டு, யாராக இருந்தாலும் பொய்தான் சொல்லியிருப்பார்கள்.

"போட்டிருக்க மாட்டேன் தயாளன்," என்றேன்.

அவர் தலையாட்டினார். போர்வையை இழுத்து மகளுக்குப் போர்த்திவிட்டார். அதன்பின் அவர் என்னை மரியாதைக் குறைவாக நடத்தியதே இல்லை. நான் நிறுத்திய எந்த பேட்ச்சுக்கும் மறுபேச்சு பேசியதில்லை. ஆனால் அதுவரை தினமும் மதியம் என் எதிரில் டிபன் பாக்ஸைத் திறந்தவர், நான் ஓய்வு பெறும்வரை ஒருநாள்கூட என்னோடு சாப்பிட உட்காரவில்லை. அவர் இடத்தில் இருந்திருந்தால், நானும் உட்கார்ந்திருக்க மாட்டேன்.